ஆதாய நோக்கிலான அறச்சார்புத் தேர்வு

ஆதாய நோக்கிலான அறச்சார்புத் தேர்வு என்பது, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில், ஆட்டக்காரர் ஒருவர் தம் கதைமாந்தரின் அறச்சார்பை அம்மாந்தரின் இயல்பைக் கருதாது, விதிநூல் தரும் எண்ணளவிலான அனுகூலங்களைக் கருதித் தேர்ந்தெடுக்கும் வழக்கம் ஆகும். 1974ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டிலும் அதன் வழிவந்த விளையாட்டுகளிலும் இவ்வழக்கம் காணப்படுகிறது. குறிப்பாக, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பும் 2003ஆம் ஆண்டில் வெளிவந்த திருத்தப் பதிப்பும் இதற்கு மிகுந்த இடமளித்தன. இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளில் பல 2003ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டவை.

ஒரு தாளில் "நல்லவர்" என்று எழுதுவதால் வாளின் வலிமை கூடுமாயின், அச்சொல் ஒழுக்கத்தைக் குறிக்கிறதா, ஆயுதத்தைக் குறிக்கிறதா என்ற ஐயம் எழுவது இயல்பே. இவ்விளையாட்டின் வடிவமைப்பாளர்கள் ஐம்பது ஆண்டுகளாக இதற்கு ஒன்றுக்கொன்று முரணான விடைகளை அளித்து வந்துள்ளனர்.

அறச்சார்பு என்பது

பாத்திரமேற்பு விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு கற்பனை மாந்தரை உருவாக்கி, அவருடைய வலிமை, அறிவு, தொழில்வகுப்பு, மந்திரங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்கிறார். நடத்துநர் ஒருவர் கதைச்சூழலை விவரிப்பார். சண்டை போன்ற நிச்சயமற்ற செயல்களின் முடிவு பகடை உருட்டித் தீர்மானிக்கப்படும். ஆங்கிலத்தில் அலைன்மென்ட் எனப்படும் அறச்சார்பும் அத்தாளில் எழுதப்படும் ஒரு குறிப்பே.

நன்கு அறியப்பட்ட வடிவத்தில் இது இரண்டு அச்சுகளைக் கொண்டது. ஓர் அச்சில் ஒழுங்கு, நடுநிலை, கட்டின்மை ஆகியவையும் மற்றோர் அச்சில் நன்மை, நடுநிலை, தீமை ஆகியவையும் அமைந்துள்ளன. இவற்றைச் சேர்த்தால் ஒன்பது அறச்சார்புகள் கிடைக்கும். ஒழுங்குசார் நன்மை ஒரு மூலை. கட்டற்ற தீமை அதன் எதிர்மூலை. இரு அச்சுகளிலும் நடுவில் நிற்பது முழு நடுநிலை.

தொடக்ககாலம்

காரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 1974ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒழுங்கு, நடுநிலை, கட்டின்மை என்ற மூன்று மட்டுமே இருந்தன. நன்மையும் தீமையும் தனி அச்சாக இல்லை. போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் கற்பனைப் புதினங்களில் ஒழுங்கும் கட்டின்மையும் போரிடும் இரு பெரும் ஆற்றல்களாக வருகின்றன. விளையாட்டு இக்கருத்தை அங்கிருந்தே பெற்றது. எனவே தொடக்கத்தில் அறச்சார்பு ஒருவரின் மனச்சான்றைவிட அவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதையே குறித்தது எனலாம். போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்த ஓர் ஆட்டத்தில் இது வியப்புக்குரியதன்று.

அப்போதே எண்ணளவிலான விளைவுகளும் இருந்தன. மந்திர வாள்களுக்கும் அறச்சார்பு உண்டு. ஒழுங்குசார் மாந்தர் கட்டின்மைசார் வாளை எடுத்தால் இரண்டு ஆறுமுகப் பகடையளவு சேதம் அடைவார். ஒருவர் நடுநிலையாகவும் மற்றது வேறொன்றாகவும் இருந்தால் சேதம் ஒரு பகடையளவே. ஆக, நடுநிலையாளருக்கு எந்த வாளும் பேரிடராக அமையவில்லை. பின்னாளில் பெரிதாகப் பேசப்பட்ட "நடுநிலையே பாதுகாப்பு" என்ற கணக்கின் வித்து இங்கேயே காணப்படுகிறது.

அறச்சார்பு மொழிகள் மற்றொரு விந்தையான அனுகூலம். ஒரே சார்புடையோர் அனைவருக்கும் பொதுவான ஒரு மறைமொழி தெரியும் என்பது விதி. நிலவறையில் எதிர்ப்படும் ஓர் அரக்கனோடு சண்டையிடாமல் பேசித் தப்பிக்க இது உதவும்.

ஒன்பது அறச்சார்புகளும் அபராதங்களும்

1976ஆம் ஆண்டில் கைகாக்சு எழுதிய கட்டுரை ஒன்று நன்மை–தீமை அச்சைச் சேர்த்தது. 1977ஆம் ஆண்டின் தொடக்கநிலைத் தொகுப்பில் ஐந்து அறச்சார்புகள் இடம்பெற்றன. 1978ஆம் ஆண்டில் வெளியான மேம்பட்ட விளையாட்டின் ஆட்டக்காரர் கையேட்டில் அவை ஒன்பதாக நிலைபெற்றன.

இக்காலத்தில் ஆதாயம் பெரும்பாலும் வகுப்புகளின் வாயிலாகவே கிடைத்தது. பாலடின் எனும் புனித வீரர் ஒழுங்குசார் நன்மை உடையவராக இருத்தல் வேண்டும். ரேஞ்சர் நல்லவராகவும், மறைகொலைஞர் தீயவராகவும், துரூயிட் எனும் இயற்கைப் பூசகர் முழு நடுநிலையாளராகவும் இருத்தல் வேண்டும். பாலடினுக்கு எல்லாக் காப்பு உருட்டல்களிலும் கூடுதலாக 2 கிடைக்கும், நோய் அணுகாது, கைதொட்டுக் காயம் ஆற்றலாம், தீமையை உணரலாம். இவற்றை விரும்புபவர் அறச்சார்பைத் தேர்வதில்லை. வகுப்பைத் தேர்கிறார், அறச்சார்பு அதனுடன் வந்து சேர்கிறது.

விதிநூல் இதற்கு ஒரு விலையையும் வைத்தது. பாலடின் பத்துக்கு மேல் மந்திரப் பொருள்களை வைத்திருக்கக் கூடாது. வருவாயில் பத்தில் ஒரு பங்கைக் கொடையாக அளிக்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் நடத்துநர் கையேடு, ஒவ்வொரு மாந்தரின் நடத்தையும் எழுதிவைத்த சார்பிலிருந்து விலகுகிறதா என்று வரைபடத்தில் குறித்துவரச் சொன்னது. சார்பு மாறினால் ஒரு நிலை இழப்பு. அடுத்த நிலைக்கான பயிற்சிக் காலமும் நடத்துநர் அளிக்கும் மதிப்பீட்டைப் பொறுத்து ஒன்று முதல் நான்கு வாரங்கள் வரை மாறும். வாரத்துக்குச் செலவு, நிலையின் எண்ணை 1500 பொற்காசுகளால் பெருக்கி வருவது. 5ஆம் நிலையில் உள்ள ஒருவர் நன்மதிப்பு பெற்றால் 7,500 பொற்காசுகளிலும், பெறாவிட்டால் 30,000 பொற்காசுகளிலும் பயிற்சியை முடிப்பார். சொன்ன சொல்லுக்கேற்ப நடக்காமைக்கு இவ்வளவு துல்லியமான விலைப்பட்டியல் வேறெங்கும் இருக்குமா என்பது ஐயமே.

1989ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் நிலை இழப்பு கைவிடப்பட்டது. தானே விரும்பிச் சார்பை மாற்றுபவர் அடுத்த நிலைக்கு இருமடங்கு அனுபவப் புள்ளிகளை ஈட்ட வேண்டும் என்ற விதி வந்தது.

மூன்றாம் பதிப்பும் எண்களும்

1997ஆம் ஆண்டில் விளையாட்டின் உரிமை விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்துக்குச் சென்றது. அந்நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு சார்பு மாற்றத்துக்கான பொதுவான அபராதத்தை நீக்கியது. அதே வேளையில் அறச்சார்பை மந்திரங்கள், ஆயுதங்கள், வகுப்புகள் ஆகிய அனைத்தோடும் எண்ணளவில் பிணைத்தது. விலை குறைந்து பயன் பெருகியதால், கணக்கிட்டுத் தேர்வோர் தொகையும் பெருகியது.

அச்சுகளின் நான்கு முனைகளுக்கும் நான்கு வகை ஆயுதங்கள் இருந்தன. தூய ஆயுதம் தீயவரைத் தாக்கும்போது கூடுதலாக இரண்டு ஆறுமுகப் பகடையளவு, அதாவது சராசரியாக 7 புள்ளிகள், சேதம் விளைக்கும். தூய்மையற்ற ஆயுதம் நல்லவருக்கு அதையே செய்யும். ஒழுங்குக்கும் கட்டின்மைக்கும் இதேபோன்ற இணை உண்டு. பாலடினின் தீமையழிப்புத் தாக்குதல் தீயவருக்கு எதிராக மட்டுமே பயன் தரும். தீமையிலிருந்து காக்கும் மந்திரம், தீயவர் தாக்கும்போது கவச மதிப்பிலும் காப்பு உருட்டலிலும் 2 கூட்டும்.

இவற்றை அடுக்கிப் பார்க்கும் ஆட்டக்காரர் ஒன்றை உடனே கவனிப்பார். முழு நடுநிலையாளரை இவற்றுள் எதுவும் தொடுவதில்லை. எந்தச் சிறப்பு ஆயுதத்தின் கூடுதல் சேதமும் அவர்மேல் விழாது. தீயோரைச் சுடும் தூய ஒளி மந்திரம் கூட அவருக்குப் பாதிச் சேதமே தரும். பூசகர் வகுப்பில் இவ்வனுகூலம் இன்னும் பெரியது. நல்ல பூசகர் தீமை எனக் குறியிடப்பட்ட மந்திரங்களை ஓத இயலாது. தீய பூசகர் நன்மை எனக் குறியிடப்பட்டவற்றை ஓத இயலாது. நடுநிலைத் தெய்வத்தை வணங்கும் நடுநிலைப் பூசகர் இரண்டையும் ஓதலாம். நடைப்பிணங்களை விரட்டுவதா, அடக்கி ஆள்வதா என்பதையும் தொடக்கத்தில் அவரே தேர்ந்துகொள்ளலாம்.

இதில் ஒரு கண்ணியும் உண்டு. பூசகரைச் சூழும் ஒளிவட்டம் அவருடைய சார்பை மட்டுமன்றி அவர் வணங்கும் தெய்வத்தின் சார்பையும் காட்டும். ஆகவே தீய தெய்வத்துக்குத் தொண்டு செய்யும் நடுநிலைப் பூசகர், தீமையை உணரும் மந்திரத்தின் முன் ஒரு கொலைகாரக் குடியானவனைவிடப் பிரகாசமாகத் தீயவராகத் தென்படுவார்.

தூய சொல்

நடுநிலையே பாதுகாப்பு என்ற கணக்கு உயர்நிலைகளில் தலைகீழாகிறது. பூசகர்களின் ஏழாம் படி மந்திரங்களில் தூய சொல், இழிசொல், ஒழுங்கின் ஆணை, கட்டின்மையின் சொல் என நான்கு உள்ளன. மேலே கூறிய ஆயுதங்கள் எதிர்ச்சார்பினரை மட்டுமே தாக்குவன. இச்சொற்களோ தம் சார்பில் இல்லாத அனைவரையும் தாக்குவன. தூய சொல் தீயவரை மட்டுமல்ல, நல்லவர் அல்லாத எவரையும் தாக்கும். ஒழுங்குசார் நல்லவர் நான்கில் இரண்டிலிருந்து தப்புவார். முழு நடுநிலையாளர் நான்கிற்கும் இலக்காவார்.

விளைவைத் தடுக்கக் காப்பு உருட்டலும் இல்லை. மந்திரம் ஓதுபவரின் நிலைக்கும் இலக்கின் நிலைக்கும் உள்ள வேறுபாடே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இம்மந்திரம் பூசகருக்கு 13ஆம் நிலையில் கிடைக்கிறது. அந்நிலையில் ஓதினால் 13ஆம் நிலையினர் செவிடாவர். 12 வரை உள்ளோர் குருடுமாவர். 8 வரை உள்ளோர் அசைவற்றுப் போவர். 3 வரை உள்ளோர் இறப்பர்.

விலங்குகள் எப்போதும் நடுநிலையானவை என்பது அப்பதிப்பின் விதி. நல்லது கெட்டது அறியும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை என்பதே காரணம். சாதாரண குதிரையின் ஆற்றல் 3 பகடைகள். எனவே ஒரு நல்ல பூசகர், நல்ல தெய்வத்தின் பெயரால், நல்ல நோக்கத்தோடு தூய சொல்லை உரைத்தால், அவ்வெல்லைக்குள் கட்டியிருக்கும் குதிரைகள் செத்து விழும். அருகில் நிற்கும் ஊர்மக்களுள் நடுநிலையானவர்களும் அவ்வாறே. அதைச் செய்த பூசகர் இன்னும் நல்லவர்தாமா என்பது பற்றி மந்திரத்தின் விளக்கம் எதுவும் கூறுவதில்லை. எண்களையும் அறத்தையும் ஒரே சொல்லால் குறித்ததன் விளைவு இவ்வளவு தெளிவாக வேறெங்கும் வெளிப்படவில்லை.

வகுப்புகளின் வரிசை

மூன்றாம் பதிப்பில் ஒரு மாந்தர் பல வகுப்புகளில் நிலைகளைப் பெறலாம். ஒழுங்குசார் மாந்தரே துறவி வகுப்பில் சேர முடியும். ஒழுங்குசாராதவரே பார்பேரியன் எனும் காட்டுவீரர் வகுப்பில் சேர முடியும். ஆகவே இரண்டும் ஒருவரிடம் சேரக் கூடாதென்பதே விதியின் நோக்கம் எனத் தோன்றும். ஆனால் வகுப்பை விட்டு விலகியோருக்கான விதிகள் ஒரே தன்மையானவை அல்ல. ஒழுங்கை விட்ட துறவி புதிய துறவி நிலைகளைப் பெற இயலாது. பெற்ற திறன்கள் அனைத்தும் அவரிடமே இருக்கும். ஒழுங்கை ஏற்ற பார்பேரியனோ வெறியாட்டத் திறனையே இழப்பார்.

எனவே முதலில் துறவியாக இருந்து, பின்னர் மனம் மாறி, பார்பேரியன் ஆவது ஆதாயமானது. எதிர்வரிசை நட்டமானது. இவ்வாறு முதல் நாளே திட்டமிடப்பட்ட "மனமாற்றம்", பல ஆட்டக்குழுக்களில் சர்ச்சைக்குள்ளான ஒன்று.

வீழ்ந்த பாலடினுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. தீய மாந்தருக்கு மட்டுமே உரிய பிளாக்கார்ட் என்ற உயர்வகுப்பில், 11 அல்லது அதற்கு மேற்பட்ட பாலடின் நிலைகளை உடைய ஒருவர் அந்நிலைகளைக் கொடுத்துவிட்டு, ஒன்றுக்கு ஒன்றாகப் புதிய நிலைகளைப் பெறலாம். கதையில் பெருந்துயராக வர வேண்டிய வீழ்ச்சி, கணக்கில் ஒரு பண்டமாற்று ஆகிவிடுகிறது.

2003ஆம் ஆண்டில் வெளியான உயர்நன்மை பற்றிய துணைநூல் ஒன்று வறுமை நோன்பை அறிமுகப்படுத்தியது. உடைமைகளைத் துறக்கும் நல்ல மாந்தருக்கு, இழந்த மந்திரப் பொருள்களுக்கு ஈடாகக் கவச மதிப்பும் பிற கூடுதல்களும் கிடைத்தன. விலங்குருவம் எடுக்கும் துரூயிட்டுக்கு இது பொருத்தமானது என்று கணக்கிடப்பட்டது. உருமாறும்போது அவருடைய கருவிகள் உடலோடு கலந்து பயனிழந்துவிடும். நோன்பின் பயனோ அவ்வாறு மறையாது. துறவு கூட இலாபநட்டக் கணக்கில் வைத்துப் பார்க்கப்பட்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

குழுவின் மீதான விளைவு

இத்தேர்வு அதைச் செய்பவரோடு நிற்பதில்லை. மூன்றாம் பதிப்பின் பாலடின் தீயவர் என அறிந்த ஒருவருடன் தெரிந்தே கூட்டுச் சேரக் கூடாது. ஒருவர் தீமையழிப்புத் தாக்குதலை விரும்பிப் பாலடினைத் தேர்ந்தால், மேசையில் உள்ள மற்றவர்கள் தீய மாந்தரை ஆடும் உரிமையை இழக்கின்றனர். அவர் வேண்டும்போதெல்லாம் தீமையை உணரலாம் என்பதால் மறைந்திருப்பதும் கடினம். சார்பை மறைக்கும் மந்திரம் ஒன்று உண்டு. அதன் ஆயுள் ஒரு நாள்.

கட்டற்ற நடுநிலை வேறு வகையானது. அதனால் எண்ணளவில் கிடைக்கும் ஆதாயம் சிறிது. பல நடத்துநர்கள் தீய மாந்தரைத் தடை செய்தனர். பாலடின் போன்ற கட்டுப்பாடுகளை ஆட்டக்காரர்கள் விரும்பவில்லை. இரண்டுக்கும் இடையில், எதையும் செய்துவிட்டு "என் மாந்தர் அப்படிப்பட்டவர்" என்று கூறுவதற்கு இது வசதியாக அமைந்தது. திருடப்பட்ட பொருள் பெரும்பாலும் சக ஆட்டக்காரருடையதாக இருப்பதே சண்டைக்குக் காரணம்.

நடத்துநரின் கையில் உள்ள இறுதி ஆயுதம், மாந்தரின் சார்பு மாறிவிட்டதென அறிவிப்பது. இதுவே பூசல்களின் ஊற்றாகவும் இருந்தது. அறச்சார்பு வெறும் வருணனையாக இருக்கும்போது, "நீர் செய்தது நல்லவர் செய்யும் செயலன்று" என்பது ஓர் உரையாடலின் தொடக்கம். அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு பாலடினின் அனைத்துத் திறன்களும் இருக்கும்போது அது பறிமுதல் ஆணை. கைதியைக் கொல்லலாமா, பொய் சொல்லி ஊரைக் காக்கலாமா போன்ற வினாக்களுக்கு உண்மை வாழ்விலேயே ஒருமித்த விடை இல்லை. அவ்வினாக்களின் மேல் எண்களை ஏற்றிவைத்தால், விடை தேடுவோர் அறத்தை ஆராய்வதைவிட விதிநூலின் சொற்களை ஆராய்வதே மிகுதி.

மறுபக்க வாதமும் உண்டு. தெய்வங்கள் நேரில் தலையிடும் கற்பனை உலகில் நன்மையும் தீமையும் நெருப்பையும் பனியையும் போல் பௌதிக ஆற்றல்களாக இருப்பது பொருத்தமே என்பர். தீப்பிடிக்காத கவசத்தைத் தேர்பவரை யாரும் குறை கூறாதபோது, தூய வாளுக்கேற்ற சார்பைத் தேர்பவரை மட்டும் ஏன் குறை கூற வேண்டும் என்ற கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று.

பிற்காலப் பதிப்புகள்

2004ஆம் ஆண்டில் வெளியான மாற்றுவிதி நூல் ஒன்று, மற்ற மூன்று மூலைகளுக்கும் பாலடின் வடிவங்களை அளித்தது. 2008ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு அறச்சார்புகளை ஐந்தாகக் குறைத்து, எண்ணளவிலான விளைவுகளை ஏறத்தாழ முழுவதும் நீக்கியது. ஒன்பதின் கட்டமைப்போடு வளர்ந்த பலருக்கு இது உவப்பாக இல்லை.

2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் ஒன்பதும் திரும்பின. எண்கள் திரும்பவில்லை. பாலடின் எந்தச் சார்பினராகவும் இருக்கலாம். அவரைக் கட்டுப்படுத்துவது அவர் ஏற்ற உறுதிமொழி. அவருடைய தெய்வத் தாக்குதல் இலக்கின் ஒழுக்கத்தை நோக்குவதில்லை. நடைப்பிணமா, நரகத்து உயிரா என்று இனத்தையே நோக்குகிறது. நன்மை தீமையை உணரும் மந்திரமும் பெயரளவில் மட்டுமே பழையது. அது காட்டுவது வானவர், நரகத்தார், நடைப்பிணம் போன்ற உயிர்வகைகளை. தீய மனிதர் அதற்கு முன் கவலையின்றி நிற்கலாம்.

சில எச்சங்கள் மட்டும் அப்பதிப்பில் நீடித்தன. காவல் ஆவிகளை அழைக்கும் மந்திரம் நல்லவரும் நடுநிலையாளரும் ஓதினால் ஒளிச்சேதமும், தீயவர் ஓதினால் அழுகற்சேதமும் தரும். பின்னது நடைப்பிணங்கள் பலவற்றிடம் எடுபடுவதில்லை என்பதால் தீய பூசகருக்கு இது நட்டம். நம் புராணங்களிலிருந்து 1977ஆம் ஆண்டிலேயே இவ்விளையாட்டின் அரக்கர் நூலுக்குச் சென்ற இராட்சதர் மற்றோர் எச்சம். 2014ஆம் ஆண்டின் நூற்படி, நல்லவர் கையில் உள்ள மந்திர ஆயுதத்தின் குத்து இராட்சதருக்கு இருமடங்கு சேதம் தரும். அதே ஈட்டி நடுநிலையாளர் கையில் இருந்தால் அவ்விளைவு இல்லை.

மூன்றாம் பதிப்பின் வழிவந்த பாத்ஃபைண்டர் விளையாட்டு 2009ஆம் ஆண்டு முதல் பழைய முறையையே பின்பற்றியது. 2019ஆம் ஆண்டின் அதன் இரண்டாம் பதிப்பில், நன்மைச் சேதம் தீயவரை மட்டும் பாதிக்கும் என்ற விதி இருந்தது. நடுநிலையாளரின் பழைய பாதுகாப்பு அங்கேயும் தொடர்ந்தது. 2023ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்பில் அறச்சார்பு முழுவதுமாக நீக்கப்பட்டது. தூய தரப்பையோ தூய்மையற்ற தரப்பையோ சாரும் நிலை ஒரு தனிக் குறியாக வைக்கப்பட்டது. செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை என்ற பட்டியல்கள் நடத்தைக்கு வழிகாட்டின. 1974ஆம் ஆண்டில் இருந்ததைப் போலவே, அக்குறி மீண்டும் ஒருவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதை மட்டுமே சொல்கிறது.